மேசைக்குள் ஒன்பது நாள்

அலெக்சாண்ட்ரியா,
மார்ச் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நெப்ராஸ்காவில் பனி விட்டதா? நான் சுகம். பயப்படாமல் படி.

மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் ஹெல்ம்ஸ்டட் அம்மாள், கன்றுக்குப் பால் புகட்டும் புட்டியை வேறு யாரும் செய்து விற்காதபடி பேட்டன்ட் வாங்கியவர். அது செல்லுமா என்று இப்போது அரசு மறுபரிசீலனை செய்கிறது. எங்கள் வக்கீல் அலுவலகம்தான் அவருக்காக வாதாடுகிறது. அதே மாதிரிப் புட்டி அவருக்கு முன்பே விற்பனையில் இருந்ததைக் காட்டும் பழைய விலைப்பட்டியல் ஒன்று என் கையில் சிக்கியது. நமக்கு எதிரான சான்றையும் நாமே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பேட்டன்ட் போனால் அவர் பிழைப்பு கெடுமே என்று ஒன்பது நாள் அதை மேசைக்குள் ஒளித்துவைத்தேன்.

நேற்று மேலாளர் பெவர்லி அதைப் பார்த்துவிட்டார்.

"எப்பக் கெடச்சுது எல்வுட்?"

"இப்பத்தான் மேடம்."

மதியம் அவரிடம் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். பட்டியல் உடனே அரசுக்குப் போனது. ஹெல்ம்ஸ்டட் அம்மாளிடம் நானே போனில் சொன்னேன்.

"பேட்டன்ட் போனாப் போகுது தம்பி. எனக்குப் பாவம் பாக்குறேன்னு என்னையும் பொய்க்காரி ஆக்கப் பாத்தியே!"



என் வேலை போகவில்லை, கவலைப்படாதே. அப்பாவின் கம்பளிக் கோட்டை அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை நீயே கூப்பிடு அம்மா. கூப்பிட எனக்கு முகமில்லை.

அவசரத்தில்,
எல்வுட்