கம்பத்துக்கு முன்னால் சிகாகோ

மார்ச் 15, ஞாயிறு

காலையிலேயே சுள்ளென்று வெயில். தார்ப்பாய்க் கடைக்கு லீவு. மவுத் ஆர்கனைத் துடைத்து வைத்தேன்.

பெங்களூர் உறுதி! வரும் சனிக்கிழமை இரவு. பழைய சிகாகோ ப்ளூஸுக்கென்றே ஒரு கச்சேரி, கடைசி அரைமணி எங்களுக்கு. நான், கொழுந்தன் சிவாவின் கிதார், தாளத்துக்கு அவன் போன். எத்தனை வருட ஆசை. நாமக்கல்லில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று எவனாவது கேட்கட்டும். ஊதிக் காட்டுகிறேன்.

மாலை. போச்சு. கோயிலில் பண்டிகைக்குப் பூ வைத்துக் கேட்டார்களாம், மாரியம்மன் உடனே உத்தரவு கொடுத்துவிட்டாள். இன்றே பூச்சாட்டு, பண்டிகை தொடங்கிவிட்டது. அடுத்த மாதம்தான் வரும் என்று நானே முடிவு கட்டிப் பெங்களூருக்குத் தேதி கொடுத்தேன். மடச்சி.

அத்தை, என் மாமியார்: “கம்பம் புடுங்கற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது கண்ணு. உனக்குத் தெரியாததா?”

தெரியும். அதனால்தான் வயிறு எரிகிறது.

மார்ச் 16, திங்கள்

பெங்களூருக்குப் போன். மதியம் வாசித்தால் ராத்திரிக்குள் ஊர் திரும்பிவிடலாம், முடியுமா என்றேன். முடியாதாம்.

சிவா: “ஏனுங்க அண்ணி, கமுக்கமாப் போயிட்டு வந்தரலாமுங்க. ஆருக்குத் தெரியப் போவுது?”

“அம்மனுக்குத் தெரியும். அதுக்கு முன்னால உங்கம்மாளுக்குத் தெரியும்.”

வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு கடையில் தைத்துக்கொண்டே அழுதேன். வாங்க வந்த டிரைவர் கண்ணில் தூசி என்று நினைத்திருப்பார்.

மார்ச் 18, புதன்

நேற்று அம்மன் முன்னால் முக்கிளை மரக் கம்பம் நட்டாயிற்று. காலையில் அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். மின்வெட்டு. மதியம் ரசம் மட்டும்.

சிவாவோடு சண்டை. ராக் வேறு, ப்ளூஸ் வேறு என்கிறான். வேறாவது மண்ணாவது! அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காட்டில் பாடிய கறுப்பர்கள் ரயிலேறி சிகாகோ போனார்கள். சாராயக் கடை இரைச்சலில் வெறும் கிதார் கேட்குமா? கரண்டில் மாட்டினார்கள். அந்த இசைத்தட்டுகள் கடல் தாண்டின. இங்கிலாந்துப் பையன்கள் கேட்டுக் கேட்டு வாசித்ததுதான் இவன் பனியனில் போட்டிருக்கும் ராக்.

நம்பவில்லை. அவனுக்குப் பிடித்த ராக் பாட்டை மெதுவாக வாசிக்கச் சொல்லி, மேலே நான் சிகாகோ மெட்டை ஊதினேன். இரண்டும் ஒட்டிக்கொண்டன. பையன் இன்னொரு தரம் என்றான்.

ஆனால் போன் தாளம் சரியில்லை. தையல் மிஷின் மாதிரி ஒரே சீர். ப்ளூஸுக்குக் கொஞ்சம் நொண்டி நடக்க வேண்டும். அப்போது கோயில் பக்கம், கம்பத்தைச் சுற்றி ஆடும் கம்பத்தாட்டத்துக்கு மேளம் எழுந்தது. அதே நொண்டி நடை! இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மார்ச் 19, வியாழன்

மேளக்குழுத் தலைவர் பழனியண்ணனிடம் போய், சனிக்கிழமை கம்பத்தடியில் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேட்டேன்.

“நாங்க உங்களுக்கு அடிக்கோணுமா, நீங்க எங்களுக்கு ஊதறீங்களா?”

“நீங்க அடிங்கண்ணா. நான் பின்னால வாரேன்.”

“அப்பச் சரிங்க.”

அத்தைக்கு மட்டும் சரியில்லை. “கம்பத்துக்கு முன்னால பொம்பள ஊதறதா!” முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்ணெய் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மார்ச் 21, சனி

பெங்களூர் மேடையில் இருக்க வேண்டிய நாள். கம்பத்தடியில் நின்றேன். அறிவிப்புச் சொல்கிற மைக்கை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரு கையாலும் பொத்தி ஊதினேன். குழாய் ஸ்பீக்கர் கரகரவென்று அலறியது. பழைய சிகாகோ இசைத்தட்டில் கேட்ட அதே கரகரப்பு! மைக்செட்காரர் ஓடி வந்தார்.

“வயரு லூசுங்க, மாத்திர்றேன்.”

“தொட்டீங்கன்னா கொன்னுபோடுவேன்!”

சிவா, லாரிப் பட்டறையில் கிடந்த பித்தளை புஷ் குழாயை விரலில் மாட்டிக் கிதார்க் கம்பியில் இழுத்தான். பழனியண்ணனையும் சேர்த்து மேளக்காரர்கள் நான்கு பேரும் விடாமல் அடித்தார்கள். ஒரு வரியை இரண்டு தரம் ஊதினேன், மூன்றாவது தரம் பதில் வைத்தேன். அடுத்த சுற்றில் ஆடுகிறவர்கள் அந்தப் பதிலைக் கத்தினார்கள். வாழ்க்கையில் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. அத்தையைக் கூட்டத்தில் காணோம்.

மார்ச் 22, ஞாயிறு

உதடு வீக்கம். மோர் குடித்தேன்.

பெங்களூர்க்காரர் போன். சிவா நேற்றைய ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறான், திருட்டுப்பயல். அடுத்த சனிக்கிழமை இன்னொரு கச்சேரி, வர முடியுமா என்கிறார். புதன்கிழமை கம்பம் பிடுங்கிவிடுவார்கள். தடையில்லை.

“வாரோங்க. ஆறு பேரு.”

மேடை சின்னதாம். மேளம் வேண்டாமாம், போன் தாளம் போதுமாம்.

“மேளம் வந்தா நானும் வாரேன். இல்லாட்டி ஆரும் வரலீங்க.”

யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். சிவா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். நான் அசையவில்லை. அடுப்படியிலிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். நேற்றுக் கோயில் மதிலுக்குப் பின்னால் நின்று முழுக்கக் கேட்டாராம்.

“ஏழு பேருன்னு சொல்லு கண்ணு. நானும் வாரேன்.”