பக்கத்துக் கட்டில் பங்காளி

செவ்வாய், இரவு. ஆண்கள் வார்டு.

சுரக்குடி மடைத் தண்ணீர்ச் சண்டையில் மண்வெட்டிக் காம்பால் என் வலது கையை முறித்தவன் பங்காளி முருகையன். அவன் காலை முறித்தது நான். இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலைக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று நிறைந்த மூத்திர டப்பாவை என் முகத்தில் வீசினான். இடது கையால் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கி அவன் தலையில் போட்டேன். மண்டை பிளந்துவிட்டது.

நர்ஸ் ஓடி வந்தார். "தையல் போடணும். சொந்தக்காரங்க யாராச்சும் கையெழுத்துப் போடுங்க."

ரத்தம் வழிய என்னைக் காட்டினான். "இந்தா இருக்கானே சிஸ்டர், எங்க சித்தப்பா மவன்."

"நீ செத்தா நான்ல மொட்டை போட்டுக்கணும், சனியனே!"

அடித்த அதே கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது தலையில் கட்டோடு குறட்டை விடுகிறான். எரிச்சலாக இருக்கிறது. சத்தம் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.