ஒரே மையில் மூன்று வருடம்

12 ஜூன் 1996, புதன்

முனியாண்டி அண்ணனுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. காரணம் நான்.

எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியில் மூன்று வருடமாக அவர்தான் என்னோடு விமானங்களைப் பழுது பார்க்கிறார். செய்த வேலையைத் தன் அனுபவப் புத்தகத்தில் எழுதுவார். லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் நான். அன்றன்றைக்கே அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

"தம்பி, புக்ல சைன் வெச்சிடுறீங்களா?" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பார்.

"அடுத்த வாரம்லா அண்ணே" என்பேன். லைசென்ஸ் வந்தால் கூடுதல் சம்பளத்துக்குச் சுபாங் ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவாரே என்ற பயம்.

போன ஞாயிறு உட்கார்ந்து எல்லாப் பக்கங்களிலும் ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்தேன். இன்று வந்த அரசாங்க அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். மூன்று வருடக் கையெழுத்தும் ஒரே நீல மை. செல்லாது, முதலிலிருந்து தொடங்கு என்றார். அண்ணனுக்கு இப்போதே நாற்பத்தைந்து வயது.

ஏன் அப்போதைக்கப்போது கையெழுத்து வாங்கவில்லை என்று அண்ணனிடமே கேட்டார்.

"சாயா லுப்பா, துவான்," என்று மலாயில் சொன்னார் அண்ணன். தான் மறந்துவிட்டாராம்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நீல மைப் பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது.