எலிக்குக் குணமான மருந்து

ஓசூர்
12.7.2009

அன்பு மகள் ரூபிக்கு,

ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகம், உன் சுகத்தையே தினமும் ஜெபத்தில் கேட்கிறோம். கொரியாவில் மழையாமே, ஈரத் தலையோடு தூங்காதே. இங்கே மாம்பழ சீசன் முடியப் போகிறது, கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறினால் இன்னும் அந்த வாசம்தான். இரண்டு ஞாயிறாகப் போனை எடுத்து, கேட்க வாய் வராமல் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டேன். பெண்கள் சமாச்சாரத்தை ஒரு அப்பன் எப்படிக் கேட்பது? அம்மாவோ, "நீங்க அளந்து விட்டது, நீங்களே கேளுங்க" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

உங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் கர்ப்பப்பையில் நீர்க்கட்டி வந்த எலிகளுக்கு மருந்தைத் தூசியிலும் தூசியாக்கிக் கொடுத்தோம், கட்டி சுருங்கியது, ஒன்று குட்டியும் போட்டது என்று போன மாதம் சொன்னாய் அல்லவா. தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப்பில் புது டை, அதாவது அச்சு, மாட்டினால் முதல் பீஸை அடித்து இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொடுப்போம், ஓகே என்று வந்தால் சாயங்காலமே சரக்கு லாரி ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில் எலிக்கு ஓகே என்றதும் உன் மருந்தும் லாரி ஏறிவிட்டது என்று நினைத்துவிட்டேன். அந்தச் சூட்டோடு கிருஷ்ணகிரிக்குப் போய் உன் தங்கை ஜெபசீலி வீட்டில், அவள் நீர்க்கட்டிக்கு அக்காவே மருந்து அனுப்பப் போகிறாள் என்று சொல்லியும் விட்டேன். மாப்பிள்ளைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் அம்மாதான், "எலிக்குப் புள்ள பொறந்துச்சு, சரிங்க சம்பந்தி, எம் மருமவளுக்கு எப்ப?" என்று கேட்டார். அதற்கப்புறம் போனில் நீ, நல்லா இருந்த எலிக்கு நாங்களே நோயை வரவைத்துத்தான் சோதிக்கிறோம் என்றாய். நீங்கள் கொடுத்த நோயை நீங்கள் எடுத்தீர்கள், சரி, தானாக வந்த நோய் அந்த மருந்துக்குப் போகுமா? எலியிலிருந்து மனுஷிக்கு வர எத்தனை இன்ஸ்பெக்‌ஷன்? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

இதற்குள் ஜெபசீலி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டைக் காலி செய்து, துடைத்து, உன் மருந்துக்கு இடம் வைத்திருக்கிறாள். மாத்திரையைப் போடும்மா என்றால், "நீங்கதானப்பா சொன்னீங்க, அக்கா மருந்து வருதுன்னு" என்கிறாள்.

இதைக் கூரியரில் போடுகிறேன். கிடைத்ததும் எனக்குப் பதில் எழுதாதே, முதலில் அவளுக்குப் போன் போடு. மருந்து இப்போதைக்கு வராது என்றால் வராது என்றே சொல், மாத்திரையைத் திரும்பப் போடச் சொல். அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது, உளறிவிட்டார் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. நீ சொன்னால் கேட்பாள். நீ பேசிவிட்டாய் என்று தெரிந்ததும் நான் ஒரு டஜன் முட்டை வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறுகிறேன். அந்தத் தட்டு அப்படிக் காலியாக இருக்கக் கூடாது.

கர்த்தர் உன்னையும் உன் எலிகளையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு. போன் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
ஜெபராஜ்