இடது கையால் எழுதிய கணக்கு

என் அன்புப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன், அதில் எவ்வளவு உண்மை என்று சொல்லத்தான் இந்தக் கடிதமே. ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக எல்லாம் நல்லா இருக்கும்மா என்று ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வது. அதனால் லாண்டரிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை ஒரு ஈ காக்கா வராது, நீராவி இஸ்திரியும் ஆறிக்கிடக்கிறது. அப்பா மேலே வீட்டில் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருக்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் கைத்தடியால் தரையை இரண்டு தட்டு தட்டுவார், எனக்கு இங்கே தலைக்கு மேல் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, அப்பாவுக்கு என் மேல கோபமா, நான் வேலைக்குன்னு இவ்வளவு தூரம் வந்துட்டேன்னுதான் பேச மாட்டேங்கிறாரா என்று. குளிக்கிறார், தூங்குறார், இப்பதான் கண்ணசந்தார் என்று நான் அடுக்கிய சாக்குகளை நீ அப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாப்பா. அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன், அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமா வருதும்மா என்று ஐந்து மாதமாக நான் சொன்னது பொய். நீ வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாயே, அப்போது எப்படி இருந்தாரோ அப்படியேதான். ஒரே ஒரு சொல் வருகிறது, அது. தண்ணீர் வேண்டுமென்றால் அது, ஜன்னலைச் சாத்து என்றால் அது, கோபம் வந்தால் அது அது அது என்று மூன்று தடவை. எழுதிக் காட்டச் சொன்னாலும் ஒரு சொல்கூட வரவில்லை. நாம் பேசுவது பெரும்பாலும் புரிகிறது. உள்ளே சொல் இருக்கிறது, வெளியே வருகிற வழிதான் அடைத்துக்கொண்டது என்று பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் சொன்னாள். நீ கிளம்புகிற அன்றைக்கு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாரே, அது கோபம் இல்லை. நீ விடைபெற அறைக்குள் வருவதற்கு முன்னால் அரை மணி நேரம் உன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், அது, அது என்றுதான் வந்தது. அதை உன் முகத்துக்கு நேரே சொல்ல வெட்கப்பட்டுத்தான் திரும்பிக்கொண்டார். இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

என்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல. உனக்குத்தான் தெரியுமே, நம் வீட்டில் பேச்சு முழுக்க அவர் குத்தகை. நிலம் அளக்கப் போன இடத்தில் நாய் துரத்தியது, வரப்புச் சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் இவரை நடுவில் நிறுத்திக்கொண்டு கத்தியது, ஆபீஸில் கோப்பு காணாமல் போனது என்று சட்டையைக் கழற்றுவதற்குள் முழுக் கதையும் வந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன், இப்போது அந்த வாயைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. சாப்பாட்டில் உப்பு சரியா இருக்கா என்று நானே கேட்டு, ம்ம் சரியா இருக்கு என்று நானே சொல்லிக்கொள்கிறேன். கடைக்கு வருகிறவர்களைச் சீக்கிரம் விடுவதில்லை, கோட்டில் ஒரு பட்டன் போயிருக்கிறது என்பதையே மூன்று விதமாகச் சொல்கிறேன், அவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

பேச்சுப் பயிற்சிப் பெண் வாரத்துக்கு ஒரு நாள் வந்து படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், கப், நாற்காலி, செருப்பு. இது என்ன சார் என்று கேட்பாள். முப்பது வருஷம் ஊரை அளந்து வரைபடம் போட்ட மனிதர் செருப்புப் படத்தைப் பார்த்து அது என்பார். இரண்டாவது மாதம் ஒரு நாள் எல்லா அட்டையையும் இடது கையால் தள்ளிவிட்டுவிட்டார், வலது கைக்குத்தான் இன்னும் பலம் வரவில்லையே. அவள் குனிந்து பொறுக்கினாள், நானும் கட்டிலுக்கு அடியில் புகுந்து பொறுக்கினேன், செருப்பு மட்டும் கிடைக்கவே இல்லை, அதற்குச் சிரிக்கக்கூட வீட்டில் ஆள் இல்லை.

இரு, தட்டுகிறார். போய்விட்டு வருகிறேன்.

ஒன்றுமில்லை, வெயில் முகத்தில் அடித்தது, திரையை இழுத்துவிட்டு வந்தேன். எங்கே விட்டேன், ஆமாம், உன் நோட்டு. பரணில் பழைய போர்வை தேடும்போது உன் எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டும் புத்தகமும் கிடைத்தன. நோட்டில் பாதிப் பக்கம் காலி. வீணாக்குவானேன் என்று கடைச் சாமான் பட்டியல் எழுத எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். திரும்பிப் போனால் நோட்டு அவர் முன்னால் திறந்திருக்கிறது, இடது கையில் பென்சில். x = 5 எனில் 3(x + 2)-இன் மதிப்பு காண்க என்று நீ எழுதிவைத்து அப்படியே விட்டிருந்தாய், அதற்குக் கீழே கோணல்மாணலாக 21 என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது சரியா தப்பா என்றுகூடத் தெரியாது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை பார்த்தேன், 21. அடுத்ததைக் காட்டினேன், செய்தார். அதற்கடுத்ததையும் செய்தார். ஒரு பக்கம் முழுக்க ஒரு தப்பு இல்லை பாப்பா. செருப்பு என்று சொல்ல வராதவர் அடைப்புக்குறியை எப்படி எடுக்க வேண்டுமோ அப்படி எடுக்கிறார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து அவருக்குக் கணக்கு கொடுக்கிறேன். நான் எந்த லட்சணத்தில் படித்தேன் என்று உனக்குத் தெரியும், x-ஐப் பார்த்ததும் பெருக்கல் என்று நினைத்துக்கொண்டு வாசித்தேன், தலையில் அடித்துக்கொண்டார். இப்போது கொடுப்பது நான், கற்றுக்கொள்வதும் நான்தான். ஒரு நாள் x = −3, x² எவ்வளவு என்று வந்தது, முன்னாலேயே எனக்குத் தெரிந்த மாதிரி −9 என்று எழுதிக் காட்டினேன். அதை அடித்துவிட்டு, அந்த −3-ஐச் சுற்றிப் பெரிதாக ஓர் அடைப்புக்குறி போட்டு, (−3)(−3) = 9 என்று எழுதினார். எனக்குப் புரியவில்லை, மைனஸ் எங்கே போச்சு என்று கேட்டேன். பக்கத்திலேயே −3² என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதி, அதற்கு −9 என்று போட்டு, இரண்டையும் மாற்றி மாற்றிப் பென்சிலால் தட்டினார். அரை மணி நேரம் ஆயிற்று, ஆனால் புரிந்துவிட்டது. மெய்யெண்களின் பண்புகள் என்று ஒரு பாடம் இருக்கிறதே, அதையும் முடித்துவிட்டோம். பங்கீட்டுப் பண்பு மட்டும் எனக்கு ஒரே மூச்சில் வந்தது, நாலு பேர் ஆளுக்கு ஒரு சட்டையும் ஒரு பேண்ட்டும் போட்டால் நாலு சட்டை, நாலு பேண்ட், இதைத்தானே இருபது வருஷமாகச் செய்கிறேன். இரண்டு எண்ணை முன்பின் மாற்றிக் கூட்டலாம், கழிக்கும்போது மாற்றக்கூடாது என்பதற்கு 7 − 4, 4 − 7 என்று எழுதிக்காட்டி, என் கணக்குப் புத்தி எங்கே போனது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை பழைய பார்வை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

புத்தகத்தில் இருக்கிற கணக்குகள் தீர்ந்துபோனதும் நானே எண்ணை மாற்றி மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் போன வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை 6/(x − 2) என்ற கணக்கில் x-க்கு 2 என்று போட்டுக் கொடுத்தேன். பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். செய்யுங்களேன் என்றேன், தலையை ஆட்டி நோட்டைத் தள்ளினார். இதுவும் போய்விட்டது, இதுதான் கடைசியாக மிச்சமிருந்தது, இதுவும் போய்விட்டது என்று அன்றைக்கு நான் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலையில், செவ்வாய்தோறும் வெள்ளைச் சட்டை கொண்டு வருவாரே அந்தப் பள்ளிக்கூட வாத்தியார், அவர் வந்தார். சட்டைகளை எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு சின்னக் கணக்கு சார் என்று கூச்சத்தோடு நோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, ரெண்டுல ரெண்டு போனா கீழே பூஜ்யம், பூஜ்யத்தால வகுக்கவே முடியாது, இதுக்கு விடையே கிடையாது என்றார். வீட்டுக்காரர் போடாம தள்ளி வெச்சிட்டார் சார் என்றேன். அவர் செஞ்சதுதான் சரி என்றார். அவர் போன பிறகு மாட்டிவைத்த கோட்டுகளுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். பிறகு கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு மாடிக்கு ஓடி, வாத்தியாரே சொல்லிட்டாரு, தப்பு என் மேலதான் என்றேன். அவர் சிரித்தார் பாப்பா. ஐந்து மாதத்தில் முதல் தடவை, சத்தம் போட்டு, தோள் குலுங்க. சிரிப்புக்குச் சொல் வேண்டாம் போலிருக்கிறது, பழைய சிரிப்பு அப்படியே வந்தது.

இதையெல்லாம் பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன், இனிமேல் பேச்சும் வந்துவிடும் என்று அவள் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நல்ல பெண், ஆசை காட்டவில்லை. சொல்லும் கணக்கும் மூளையில வேற வேற இடத்தில இருக்கும்மா, ஒண்ணு நல்லா இருக்கிறதால இன்னொண்ணு வந்துரும்னு சொல்ல முடியாது, ஆனா நிறுத்தாதீங்க என்றாள். நிறுத்தவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், நீ கவலைப்படுவாய் என்று தெரிந்தும் சொல்கிறேன். கணக்கு முடிந்து நோட்டை மூடினால் வீடு மறுபடியும் சத்தமில்லாமல் ஆகிவிடுகிறது. கால் வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா, நான் செய்வது போதுமா என்று கேட்டால் அதை அவர் எண்ணில் எழுத முடியாது. அவரும் தனியாக இருக்கிறார், எதிரில் நானும் தனியாக இருக்கிறேன், நடுவில் ஒரு மேஜை. உனக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவேன்.

இதைப் படித்ததும் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஆரம்பிக்காதே. நீ வந்தாலும் பேச்சு வந்துவிடாது, நீ அந்த வேலைக்காகப் பட்ட பாடு எனக்குத் தெரியும். லீவு கிடைக்கிறபோது வா, அது போதும். இனிமேல் நான் ஒன்றையும் மறைக்க மாட்டேன், நீயும் மறைக்காதே, அங்கே உனக்குத் தனியாக இருந்தால் தனியாக இருக்கிறது என்றே சொல். குளிர் ஆரம்பிக்குமுன் நல்ல கம்பளிக் கோட்டாக வாங்கிக்கொள், வாங்குமுன் உள்ளே தைத்திருக்கிற துணித் துண்டைப் படி, வீட்டில் துவைக்கலாமா கூடாதா என்று அதில் போட்டிருக்கும்.

இன்னொரு விஷயம். நேற்றுச் சாயங்காலம் நான் மேலே போனபோது நோட்டில் ஒரு கணக்கு எழுதியிருந்தது, நான் கொடுத்ததில்லை, புத்தகத்திலும் இல்லை, அவரே எழுதியது. நானும் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாமென்று பென்சிலை எடுத்தேன், என் கையைத் தள்ளிவிட்டு, சுவரில் இருக்கிற உன் படத்தைக் காட்டினார். பாப்பாவுக்கா என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. அந்தத் தாளைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். எழுத்து உனக்குப் புரியாமல் போகுமோ என்று இங்கேயும் எழுதுகிறேன், எண்ணும் குறியும் அவருடையது, சொல் மட்டும் நான் சேர்த்தது: x = −2, y = 3 எனில், 2x² − 3(x − y) + xy-இன் மதிப்பு காண்க. பக்கத்தில் விடைக்கு ஒரு கட்டம் போட்டுக் காலியாக விட்டிருக்கிறார்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் மனநிறைவோடும் இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காதே, கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை போன் செய். விடையை என்னிடம் சொல்ல வேண்டாம். போனை அவர் காதில் வைக்கிறேன், நீ நிதானமாக அவரிடம் சொல். சொன்ன பிறகு உடனே வைத்துவிடாதே, சரியா தப்பா என்று நோட்டில் போட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உன் அம்மா