தானா நின்னுட்டாங்க

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே நிற்கிற பஸ்ஸின் போர்டே தெரியவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசை, அரை மணி போச்சு. திண்டிவனம் இறங்கி ஷேர் ஆட்டோ. கம்பெனிக்குள் நுழையும்போதே வறுத்த மல்லாட்டை வாசனை, கடலை மிட்டாய் கம்பெனியாச்சே. இந்த வாசனை இப்போதெல்லாம் எனக்கு நெஞ்செரிச்சலைக் கிளப்புகிறது.

இன்று:
- இ.எஸ்.ஐ.யில் புதுப் பெயர்கள் ஏற்ற
- பெண்கள் கழிப்பறைத் தாழ்ப்பாள் (மறுபடியும்)
- தலையுறை தீர்ந்துவிட்டது, ஆர்டர்
- கலைச்செல்வி

கலைச்செல்விதான் பெரிய விஷயம். மிட்டாய் பேக்கிங்கில் இரண்டாம் லைனின் லீடர். பிரம்மதேசத்துப் பெண். ஏழாம் மாதம். போன வாரம் பிரசவ விடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தாள். இந்தக் கம்பெனியில் யாரும் அப்படிக் கேட்டதே இல்லையாம். வயிறு வெளியே தெரிகிற சமயத்தில் எல்லாப் பெண்களும் நின்றுவிடுவார்களாம். பிள்ளை நடக்க ஆரம்பித்ததும் திரும்பி வருவார்கள், புது டோக்கன், புது ஆள் கணக்கில். பழைய சர்வீஸ் போச்சு. பழைய ஃபைல்களில் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்: "சொந்தக் காரணத்தால் தானாக நின்றுகொண்டார்." எனக்கு முன்னால் இந்த எச்.ஆர். நாற்காலியில் இருந்தவர் எழுதியது. நான் வந்தது தீபாவளி சமயத்தில்தான். மார்ச்சோடு தகுதிகாண் காலம் முடிகிறது. அதுவரை வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்றிருந்தேன்.

சூப்பர்வைசர் பார்த்திபன் நேற்று அவளிடம் வாய்மொழியாகவே, "அடுத்த வாரத்துலருந்து வராதம்மா, ரெஸ்ட் எடு" என்றிருக்கிறார். அவள் சொன்னாளாம்: "எழுதிக் குடுங்க சார். வூட்ல காட்டணும்." பார்த்திபன் எழுதிக் கொடுக்கவில்லை. நேரே ஜி.எம்.மிடம் போய்விட்டார்.

பிப்ரவரி 4, புதன்

ஜி.எம். அறை. ஏ.சி. பதினெட்டில். சுந்தரம் சார் ஃபேக்டரியைக் காப்பாற்றப் பிறந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"புதுச் சட்டம் வந்துடுச்சே, பழசெல்லாம் போச்சே, இன்னும் என்ன ப்ரெக்னன்சி லீவு?"

"பழைய சட்டங்களை நாலு தொகுப்பா மாத்தியிருக்காங்க சார். இது அப்படியே இருக்கு. இருபத்தாறு வாரம். கர்ப்பத்தைக் காரணம் காட்டி அனுப்ப முடியாது. சம்பளமும் நாம தர வேண்டியதில்ல. இ.எஸ்.ஐ. தரும்."

"காசு பிரச்சினையே இல்லய்யா. இவளுக்குக் குடுத்தா நாளைக்கு லைன் லைனா வயித்தத் தள்ளிக்கிட்டு நிப்பாங்க. ஏற்றுமதி ஆர்டர நான் எப்படி முடிக்கிறது?"

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது அடுத்தது. கடும் ஒழுங்கீனம் என்றால் அனுப்பலாமே என்றார். யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தில் அந்தச் சந்து இருப்பது உண்மைதான்.

ஒழுங்கீனம் என்ன? வளையல்.

போன வெள்ளி சாப்பாட்டு நேரத்தில் இரண்டாம் லைன் பெண்கள் கேன்டீனில் அவளுக்கு வளைகாப்பு போட்டிருக்கிறார்கள். ஏழாம் மாதம் வரை வேலையில் நீடித்த முதல் பெண் என்று சந்தோஷம். டிபன் பாக்ஸில் புளிசாதம், தயிர்சாதம், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். மணியடித்ததும் லைனுக்குப் போயிருக்கிறாள். பார்த்திபன் கழற்றச் சொல்லியிருக்கிறார். கழற்றவில்லை.

விதி இருக்கிறது. உணவு லைனில் கண்ணாடி கூடாது. நல்ல விதி. மிட்டாய்க்குள் கண்ணாடித் துண்டு போனால் யாரோ ஒரு குழந்தையின் வாய். அதனால்தான் எனக்கு எரிச்சல் அதிகம். பொய்க் குற்றச்சாட்டு என்றால் கிழித்துப் போட்டுவிடலாம்.

நேரடியாக வெளியே அனுப்ப முடியாது, குற்றப் பத்திரிகை கொடுக்க வேண்டும், விளக்கம் சொல்ல அவகாசம், உள்விசாரணை, துணைக்கு ஒரு சக தொழிலாளி, எல்லாம் வேண்டும் என்றேன்.

"பண்ணுங்க. நீங்களே விசாரணை அதிகாரி. வக்கீல் எல்லாம் எதுக்கு? முடிவு நமக்குத் தெரியும், ஃபார்மாலிட்டிய முடிங்க."



பிப்ரவரி 5, வியாழன்

குற்றப் பத்திரிகையைக் கையில் கொடுத்தேன். தமிழில்தான் எழுதினேன். நின்றுகொண்டே படித்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கை இரண்டிலும் முழங்கை வரை உறை. உள்ளே வளையல்.

"ஏம்மா கழட்டல?"

"கழட்டக் கூடாது சார். பிரசவம் வரிக்கும் கைல இருக்கணும். எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். அதான் மேல உறை மாட்டிக்கினு வேல செஞ்சேன். ஒண்ணு கூட ஒடையல."

விளக்கம் எழுதிக் கொடுக்கலாம், துணைக்கு ஆள் அழைத்து வரலாம், சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு கேட்டாள்:

"சார், நீங்க யார் பக்கம்?"

"நான் விசாரணை அதிகாரி."

"அது எந்தப் பக்கம் சார்?"

போம்மா, லைன் நிற்கும் என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோழி. தண்ணீர் மோட்டார் ரிப்பேர். உமா துணி காயப்போட்டுக்கொண்டே விஷயத்தைக் கேட்டாள். சொன்னேன்.

"அந்தப் பொண்ண அனுப்பிட்டா உங்களுக்கு வேலை நிரந்தரம். அதானே?"

"அப்படிச் சொல்லல."

"சொல்லுவாங்களா?"

நாற்பத்து மூன்று வயது. போன கம்பெனி மூடின பிறகு எட்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த எட்டு மாதத்தில் உமா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. இன்றும் மேலே எதுவும் கேட்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே எழுதலாம், யார் பார்க்கப் போகிறார்கள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கலைச்செல்வியின் விளக்கம் வந்தது. பள்ளிக்கூடக் கையெழுத்து. "வளையல் போட்டது உண்மை. சாங்கியம். உறை போட்டிருந்தேன். வேலை வேண்டும்." நாலே வரி.

துணைக்கு மேரி வருவாளாம். அதே லைன். வாய் ஜாஸ்தி என்று பார்த்திபன் முன்கூட்டியே புகார்.

தாழ்ப்பாள் இன்னும் போடவில்லை. கார்பென்டர் மேல்மருவத்தூர் போயிருக்கிறாராம்.

ஜி.எம். வராந்தாவில் என்னைத் தாண்டும்போது தோளைத் தட்டி, "மார்ச்சுல உங்க கன்ஃபர்மேஷன் வருதுல்ல?" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பை நினைத்தால் எனக்கே பத்திக்கொண்டு வருகிறது.

பிப்ரவரி 13, வெள்ளி

விசாரணை. ஸ்டோர் ரூம் பக்கத்து அறை. மின்விசிறி ஓடுகிறது, காற்று இல்லை. நான், கலைச்செல்வி, மேரி, சாட்சி பார்த்திபன். சொல்வதைச் சொன்னபடியே எழுதினேன்.

பார்த்திபன் சாட்சி: வளையலுடன் லைனில் பார்த்தேன். கழற்றச் சொன்னேன். மறுத்தார். அவ்வளவுதான். உண்மை.

பிறகு மேரி கேள்வி கேட்கலாமா என்றாள். கேள் என்றேன்.

"சார், ஆடி மாசம் ஹால்ல அம்மன் படம் வச்சு கூழ் ஊத்தனீங்களே. அன்னிக்கி லேடீஸ் எல்லாருக்கும் என்னா குடுத்தீங்க?"

பார்த்திபன் என்னைப் பார்த்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

"வளையல்."

"என்னா வளையல் சார்?"

"அது சாமி வளையல்மா."

"சாமி வளையல்னா கண்ணாடி இல்லியா சார்?"

எனக்கு இது தெரியாது. நான் அப்போது இங்கே இல்லை. கம்பெனியே வருஷா வருஷம் ஆடி வெள்ளியில் பூஜை போட்டு, முதலாளியம்மா வந்து தன் கையால் எல்லாப் பெண்களுக்கும் கண்ணாடி வளையல் போட்டுவிடுவது இங்கே வழக்கமாம்.

"நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்கும் போட்டு வுட்டாங்க. வேணாம்னா சொல்ல முடியும்? அன்னிக்கி லைன் ஓடுச்சா நின்னுச்சா சார்?"

"ஓடுச்சு."

"வளையலக் கழட்டிட்டு ஓட்னோமா, போட்டுக்கினே ஓட்னோமா?"

பார்த்திபன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்ல வராது. "போட்டுக்கினுதான். ஜி.எம். சார்தான், சாமி குடுத்தது, இன்னிக்கிக் கழட்டாதீங்கன்னு சொன்னாரு."

"அன்னிக்கி யாருக்காவது இந்த மாரி பேப்பர் குடுத்தீங்களா?"

"இல்ல."

மேரி உட்கார்ந்துவிட்டாள். கலைச்செல்வி உறைக்கு மேலேயே மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் வரி விடாமல் எழுதியபின் நால்வரும் கையெழுத்துப் போட்டோம். பார்த்திபன் கையெழுத்து கோணல்.

பிப்ரவரி 14, சனி

எட்டு மணிக்கே அழைப்பு. விஷயம் எனக்கு முன்னாலேயே ஏ.சி. அறைக்குப் போய்விட்டது.

"அந்த ஆடி மேட்டர எடுத்துடுங்க."

"கையெழுத்து ஆயிடுச்சு சார்."

"வேற பேப்பர்ல எழுதுங்க. பார்த்திபன் போடுவாரு."

"அந்த ரெண்டு பொண்ணுங்க போட மாட்டாங்க சார்."

"மறுத்தாங்கன்னு எழுதுங்க. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

முடியாது என்று சொன்னேனா? இல்லை. பார்க்கிறேன் சார் என்றேன். வெளியே வந்து வாஷ்பேசினில் முகம் கழுவினேன்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனில்: "நீ பேஜாரு பண்ணாத, ஜல்தியா ஒரு முடிவு சொல்லு." எனக்குத்தான் சொன்னார் போலிருந்தது.

பிப்ரவரி 16, திங்கள்

முடிவு கொடுத்துவிட்டேன். ஒரே பக்கம்.

லைனில் வளையல் அணிந்தது நிரூபணம். கழற்ற மறுத்ததும் நிரூபணம். ஆனால் நிர்வாகமே இதே ஹாலில் கண்ணாடி வளையல் கொடுத்து, அணிந்தபடி வேலை வாங்கியிருக்கிறது. ஒரு நாள் சம்மதித்து இன்னொரு நாள் வேலையைப் பறிக்கும் குற்றமாக்க முடியாது. கடும் ஒழுங்கீனம் அல்ல. எச்சரிக்கை போதும். லேபிள் மேசைக்கு மாற்றலாம், அங்கே திறந்த மிட்டாய் கிடையாது. கர்ப்ப காலத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதும் நம் பொறுப்பு. பூஜையன்றும் லைனில் கண்ணாடி வேண்டாம்.

கடைசி வரி தேவையில்லை என்று உமா சொன்னாள். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

நகல் ஒன்றைக் கலைச்செல்விக்குக் கொடுத்தேன். அது அவள் உரிமை. இன்னொன்று சென்னை தலைமை அலுவலகத்துக்கு. அது நடைமுறை. ஜி.எம். முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். நெஞ்செரிச்சல் இல்லை. பயம் இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

சென்னையிலிருந்து கம்பெனி வக்கீல் போன் பண்ணியிருக்கிறார். இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனால் முதலாளியம்மாவைத்தான் முதல் சாட்சியாகக் கூப்பிடுவார்கள் என்றாராம். அத்தோடு முடிந்தது. எச்சரிக்கைக் கடிதம் மட்டும். லேபிள் மேசை. விடுப்பு அனுமதி.

தாழ்ப்பாளும் இன்றுதான் போட்டார்கள். ஒரே நாளில் எத்தனை அதிசயம்.

கலைச்செல்வி உத்தரவைப் படித்துவிட்டு, மடித்து, உறைக்குள் வளையலோடு சொருகிக்கொண்டாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை.

"சார், நாலாம் லைன்ல சுமதி இருக்குது இல்ல? அதுக்கு அஞ்சாம் மாசம். துப்பட்டாவ இழுத்து மறைச்சிக்கினே சுத்துது. அதையும் வந்து எழுதச் சொல்லட்டா?"

சொல்லு என்றேன். சாயங்காலம் சுமதி வந்து வாசலிலேயே நின்றாள். எழுதிக் கொடுத்தாள். அப்புறம் இன்னொரு பெண்.

மனசு லேசாக இருந்தது. திண்டிவனத்தில் மல்லாட்டை உருண்டை வாங்கினேன், காசு கொடுத்து. உமா சிரித்தாள்.

பிப்ரவரி 18, புதன்

பனி இல்லை, காலையிலேயே வெயில். வந்து பையை வைக்கவில்லை, அழைப்பு.

இன்று ஏ.சி. ஓடவில்லை. சுந்தரம் சார் டீ வரவழைத்தார். இரண்டு கப். உட்காருங்க என்றார். இதுவரை உட்காரச் சொன்னதில்லை.

"உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. நல்ல படிப்பு, நல்ல அறிவு. ஆனா நம்ம செட்டப்புக்கு நீங்க செட் ஆகல."

நான் டீயைத் தொடவில்லை.

"கன்ஃபர்மேஷன் வராது. நாங்களா அனுப்பினா உங்க பேருக்குத்தான் கெட்டது, அடுத்த கம்பெனில கேப்பாங்க. அதனால உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சொந்தக் காரணம்னு போட்டு நீங்களா நின்னுடுங்க."

பழைய ஃபைல்களின் அந்த ஒரு வாக்கியம். எத்தனை பெண்களுக்கு இதே நாற்காலியில் உட்காரவைத்து, இல்லை, நிற்கவைத்து, சொல்லியிருப்பார்கள். இப்போது என் முறை. கோபம்தான் வந்தது. ஆச்சரியம், பயம் வரவில்லை.

"எழுதிக் குடுங்க சார்" என்றேன். "வூட்ல காட்டணும்."