தேரை சொன்ன ஆமாம்

மழை விட்டதும் லாபின் பின்கதவைத் திறந்தேன். ஈர மண்ணோடு அந்த நாற்றமும் வந்தது. தேரைத் தோலில் பால்போல் கசிவது கையில் பட்டால் சோப்பு போட்டாலும் போகாதே, அது. சட்டென்று உன் ஞாபகம். என்னை நினைக்க வேறு வாசனையே கிடைக்கவில்லையா என்று கேட்பாய். கிடைக்கவில்லை.

இறந்தவனுக்கு எழுதுவது வீண் வேலைதான். இருந்தாலும் எழுதுகிறேன்.

நாம் இருவரும் கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர்களாக இருந்த காலம். கர்ப்பமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் ஊரில் சில டாக்டர்கள் நம்மிடம்தான் பாட்டில் அனுப்புவார்கள். கர்ப்பிணியின் சிறுநீரில் ஒரு ஹார்மோன் இறங்கும். அதை ஆண் தேரையின் தோலுக்கடியில் ஏற்றினால், சில மணி நேரத்தில் தேரை விந்தணு விடும். மைக்ராஸ்கோப்பில் அது தெரிந்தால் கர்ப்பம். ஸ்ரீரங்கத்துக்காரனான நீதான் ஆற்றங்கரையில் தேரை பிடித்து, துணிப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவாய்.

"பையில என்ன சாமி, பிரசாதமா?" என்று ஒருநாள் கண்டக்டர் கேட்டார். பை கத்தியது. "பிரசாதம் கத்துதுங்களே!" பஸ்ஸே சிரித்தது. நீ அசையாமல், "அதுக்கும் டிக்கெட் உண்டோ?" என்றாய்.

நிதானம் என்றால் நீ. ஊசி போடுவதற்கு முன்பே ஒவ்வொரு தேரையிலும் விந்தணு இல்லையென்று பார்த்தாக வேண்டும் என்பாய். "ஊசிக்கு முன்னாடி பாருடா." காபி ஆறும்வரைகூடப் பொறுக்காத எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

அந்த ஐப்பசியில் ஒரு காலை, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஓடி வந்தாய்.

"யாருது?"

"வேதாவோடது."

உன் மனைவி. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை இல்லை. இப்போது வயிற்றில் கட்டி என்று சந்தேகம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கலாம். ஒருவேளை கர்ப்பமாகவும் இருக்கலாம், எதற்கும் தேரையில் பார்த்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவே சொல்லி அனுப்பியிருந்தார்.

பையிலிருந்து ஒரு தேரையை எடுத்து என் முன்னால் நீட்டினாய்.

"முதல்ல பாக்கணும்ல?"

"நாழி இல்லடா. குத்து."

"நீயா சொல்ற? இதெல்லாம் எங்க புடிச்ச?"

"கொள்ளிடக் கரையில. மழைக்குக் கூட்டமா இருந்தது."

"ஜோடியாவா?"

நீ பையின் வாயை இறுக்கிப் பிடித்தாய். ஜோடி சேர்ந்த ஆண், ஊசியே இல்லாமல் விந்தணு விடும். இதை மறந்த மாணவனை லாபை விட்டே துரத்தியவன் நீ. அன்று நீயே அவற்றைப் பெண் தேரைகளின் முதுகிலிருந்து பிய்த்து எடுத்து வந்திருந்தாய். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் விந்தணுக்கள் நீந்திக்கொண்டிருந்தன.

"இதுல பச்சைத் தண்ணியக் குத்துனாலும் ஆமாம்னுதான் சொல்லும்."

"சொல்லட்டுமேடா," என்றாய். உன்னிடம் அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை.

ஊசியை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். தொட்டியில் பழைய தேரைகளும் இல்லை. ஆண்களைத் தனித்தனிப் பானையில் ஈர மணலில் விட்டோம். விந்தணு நின்று அவை தெளியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. நான் பொறுத்தேன், நீதான் வராந்தாவில் நடந்து தரையைத் தேய்த்தாய்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. போய் உக்காருய்யா."

வியாழன் காலை இரண்டு தேரைகள் தெளிந்திருந்தன. வேதாவிடமிருந்து புதுப் பாட்டில் வந்தது. ஒரு தேரைக்கு அது, மற்றதற்கு, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புத் தண்ணீர். மத்தியானம் பார்த்தேன். உப்புத் தண்ணீர் போட்டதில் ஒன்றுமில்லை. மற்றதில் காந்தி மார்க்கெட் கூட்டம். எழுந்து உனக்கு இடம் விட்டேன். நீ பார்த்தாய். "பெருமாளே" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாய். அழுகிறாயோ என்று குனிந்தால், சிரித்துக்கொண்டிருந்தாய். டாக்டரம்மா ஆபரேஷனை நிறுத்தினார். கோடையில் உனக்குப் பெண் பிறந்தாள்.

குழந்தைக்குப் பெயர் வைத்த புண்ணியாகவாசனத்தன்று என்னைச் சீண்டினாய். "எப்படியும் ஆமாம்தானேடா? அன்னிக்கே குத்தியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

"ஆமாம்னு வந்திருக்கும். ஆனா அது தேரையோட ஆமாம். வேதாவோடது இல்ல."

கையிலிருந்த பட்சணத் தட்டை என் பக்கம் நீட்டினாய். "அது சரி," என்றாய்.

போன வருஷம் காமாலை உன்னைக் கொண்டுபோனது. மகளைத் தோளில் தூக்கித் திரிந்துவிட்டுத்தான் போனாய் என்பதில் எனக்கு ஆறுதல் உண்டு. ஹார்மோன் செல்லுக்குள் நுழைகிறதா, வெளியிலேயே நின்று சேதி சொல்கிறதா என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சி. "சன்னிதிக்குள்ள எல்லாரும் போறாளா? வாசல்ல சொன்னா உள்ள சேதி போயிடறது," என்பாய் நீ. கோயிலை லாபுக்குள் கொண்டுவராதே என்று அப்போது கத்தினேன். இப்போது வெளிநாட்டுக்காரர்களும் ஏறக்குறைய உன் கட்சிதான்.

எனக்கும் அந்த விடைதான் வேண்டியிருக்கிறது. அதனால்தான் பயம். சோதனையில் நான் விரும்பிய எண் வரும்போதெல்லாம் "சொல்லட்டுமேடா" என்ற உன் குரல் கேட்கிறது. நீ சொல்லிக்கொடுத்த பாடங்கள் மாணவர்களுக்குப் போய்விட்டன. எனக்கு மிஞ்சியது அந்தக் குரல். கேட்டதும் பேனாவை மூடிவிட்டு, ஹார்மோன் எதுவும் சேர்க்காத குழாயை முதலில் எடுத்துப் பார்க்கிறேன். அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மூச்சு விடுகிறேன்.